அம்பாசடர் சூடானதும் நிற்கிறது, அரை மணி ஆறினால் ஓடுகிறது. ஏன்?

பிளாட்டினம் பாயின்ட் (பொறிக்காக மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் சின்ன சுவிட்ச்) வைத்த பழைய பெட்ரோல் வண்டியென்றால் முதல் சந்தேகம் கண்டன்சர் (பாயின்ட் கருகாமல் காக்கும் சின்ன மின்தேக்கி), அடுத்து இக்னிஷன் காயில் (பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தம் தருவது). சூட்டில் இவற்றின் உள்ளே இன்சுலேஷன் விட்டுக்கொடுக்கும்; ஆறியபின் சோதித்தால் ஒன்றும் தெரியாது. எனவே நின்ற உடனே பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்து அனுப்புவது) மூடியின் நடு வயரைக் கழற்றி, அதன் முனையை ரப்பர் பிடியுள்ள பிளையரால் எஞ்சின் இரும்பிலிருந்து 6 மி.மீ. தள்ளிப் பிடித்து, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். (பெட்ரோல் கசிந்தால் இதைச் செய்யவே கூடாது.)

பளிச்சென்ற நீலப் பொறி வந்தால் கோளாறு பெரும்பாலும் பெட்ரோல் பக்கம். சூட்டில் குழாயில் ஆவி அடைத்திருக்கலாம். பொறி மஞ்சளாக, நோஞ்சானாக இருந்து, பாயின்ட் முனையும் கருகியிருந்தால் கண்டன்சரை மாற்றுங்கள், விலை சொற்பம்தான். பாயின்டையும் புதிதாகப் போட்டு இடைவெளி 0.4 மி.மீ. வையுங்கள். அப்போதும் நின்றால் பெரும்பாலும் காயில்தான்.