சென்னை சர்வதேசத் திரைப்பட விழா: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

ஒரே ஒரு படம் பார்க்கத்தான் ஆசை. அதற்கு மட்டும் டிக்கெட் கிடைக்குமா?

கிடைக்காது. டெலிகேட்டாக, அதாவது விழாவின் பதிவு பெற்ற பார்வையாளராக, பதிவு செய்துதான் உள்ளே போக முடியும். நம் நாட்டில் பொதுமக்களுக்குத் திரையிடும் எந்தப் படத்துக்கும் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். ஓரிரு காட்சிக்காக வந்து போகும் துருக்கிப் படத்தை அதற்கு அனுப்பிக் காத்திருக்க முடியாதல்லவா? அதனால் 1952-ஆம் ஆண்டு சினிமாட்டோகிராஃப் சட்டத்தின் 9-ஆம் பிரிவின்கீழ் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் விழாப் படங்களுக்கு விலக்கு அளிக்கிறது. பார்ப்பவர்கள் பதிவு செய்தவர்களாக இருக்க வேண்டும், வணிக நோக்கம் கூடாது என்பவை அதற்கான நிபந்தனைகள். மாணவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. கல்லூரி அடையாள அட்டையை மறக்காதீர்கள்.

தணிக்கை இல்லையென்றால் பிள்ளைகளை அழைத்து வரலாமா?

வேண்டாம். வன்முறையோ நிர்வாணமோ எந்த இடத்தில் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

சார், எனக்கு ஆங்கிலம் சுமார்தான். சப்டைட்டில் வேகத்துக்குப் படிக்க முடியுமா?

முடியும். இந்தத் தயக்கத்தாலேயே வராமல் இருக்கிறவர்கள் நிறைய பேர். எனக்கு அதுதான் பெரிய வருத்தம். முதல் நாளே பேச்சு நிறைந்த பிரெஞ்சுப் படத்துக்குப் போய் உட்காராதீர்கள். கதைச் சுருக்கத்தைப் படித்துவிட்டு, கிராமம், குழந்தைகள், பயணம் என்று காட்சியாலேயே நகரும் படமாகப் பாருங்கள். பல ஈரானியப் படங்கள் அப்படிப்பட்டவை. ஒரு வரி தவறிவிட்டதா, விட்டுவிடுங்கள். துரத்திப் போனால் அடுத்த காட்சியில் நடிகரின் முகம் போய்விடும். அப்புறம், சரிவு குறைந்த அரங்கில் முன்னால் இருப்பவரின் தலை எழுத்தை மறைக்கும். கொஞ்சம் முன்னதாக வந்து, நடு வரிசையில் ஓர இருக்கையைப் பிடியுங்கள்.

இத்தனை படங்களில் எதைத் தேர்ந்தெடுப்பது?

பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் பரிசு வாங்கிய படத்துக்குத்தான் வரிசை நீளும். பார்க்க வேண்டிய படம்தான், சந்தேகமில்லை. ஆனால் அது இன்றில்லாவிட்டாலும் பின்னால் ஓடிடியில் வர வாய்ப்புண்டு. ஜார்ஜியாவிலோ சிலியிலோ ஒரு புதியவர் எடுத்த முதல் படம் அப்படி வருவது அரிது. விழாவில் தவறவிட்டால் பெரும்பாலும் தவறவிட்டதுதான். அதனால் நாளுக்கு ஒரு படமாவது, பெயரே கேள்விப்படாத இயக்குநருடையதாக இருக்கட்டும். பிடிக்காமல் போகலாம், பரவாயில்லை. ஒரே நாளில் ஐந்து படம் பார்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மூன்றுக்கு மேல் போனால் மனம் வாங்காது. கடைசியாகப் பார்க்கும் படத்துக்கு நாம் செய்யும் அநியாயம் அது.

அறிவித்த படத்தைத் திடீரென்று மாற்றுகிறார்களே, ஏன்?

பல நேரம் சாவிதான் காரணம். இப்போது படங்கள் டிசிபி என்னும் டிஜிட்டல் தொகுப்பாக, பெரும்பாலும் பூட்டிய நிலையில் வருகின்றன. அதைத் திறக்கும் கேடிஎம் என்ற சாவி, குறிப்பிட்ட அரங்கின் சர்வரில், குறிப்பிட்ட நேரத்துக்குள் மட்டுமே வேலை செய்யும். பக்கத்துத் திரைக்கு மாற்றினால்கூட வேறு சாவி வேண்டும். அதை அனுப்ப வேண்டியவர் வேறொரு கண்டத்தில் தூங்கிக்கொண்டிருப்பார். புரொஜெக்டர் அறையில் இருப்பவரைத் திட்டி ஒரு பயனும் இல்லை.

விழா எப்போது தொடங்கியது? எப்போதும் டிசம்பரில்தானா?

இந்தோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன் என்ற திரைப்படச் சங்கம் 2003-இல் இந்த விழாவைத் தொடங்கியது. வழக்கமாக டிசம்பர்தான். 2015 வெள்ளத்தால் அந்த ஆண்டின் விழா 2016 ஜனவரிக்குத் தள்ளிப்போனது. கொரோனாவால் 2020-ஆம் ஆண்டு விழா 2021 பிப்ரவரியில் நடந்தது. இதற்கெல்லாம் வெகு முன்பே, 1952-இல் நடந்த இந்தியாவின் முதல் சர்வதேச விழா, பம்பாயில் தொடங்கி மதராஸுக்கும் வந்தது.

தமிழ்ப் படங்களை அங்கே போய்ப் பார்க்க வேண்டுமா என்ன?

தமிழ்ப் படங்களுக்குத் தனிப் போட்டிப் பிரிவே இருக்கிறது. தியேட்டரில் ஒரு வாரம்கூட நிற்காத நல்ல படத்தை நிறைந்த அரங்கில் பார்க்கலாம். இயக்குநர் வந்திருந்தால் கேள்வி கேளுங்கள். பாராட்டை விட, "அந்தக் காட்சியை ஏன் அங்கே வைத்தீர்கள்?" என்ற கேள்வி அவருக்கு அதிகம் உதவும்.

விழா முடிந்தபின் ஆண்டு முழுக்க இப்படிப் பார்க்க வழி உண்டா?

உண்டு. பிரெஞ்சுக் கலாச்சார மையமான அலியான்ஸ் ஃபிரான்சேஸ், ஜெர்மன் கலாச்சார மையமான கோத்தே நிறுவனம், ரஷ்யக் கலாச்சார மையம் ஆகியவற்றின் திரையிடல் அறிவிப்புகளைக் கவனித்து வாருங்கள். விழாவை நடத்தும் சங்கத்தில் உறுப்பினராகவும் சேரலாம்.