வயலில் குமிழி வருகிறது, கேஸ் கசிவா?

மயிலாடுதுறை மாவட்டத்திலிருந்து ஒரு விவசாயி கேட்கிறார்: "எங்கள் நிலத்தின் குறுக்கே கேஸ் லைன் போகிறது. மழை விட்டதிலிருந்து தாளடி வயலில் ஒரு மூலையில் குமிழி விடுகிறது. வாசனை எதுவும் இல்லை. ஊரில் ஒருவர், 'ஐயாயிரம் கொடுங்கள், காற்றை டெஸ்ட் பண்ணி சான்றிதழ் வாங்கித் தருகிறேன், நஷ்டஈடு நிச்சயம்' என்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். யாரோ கொண்டுவரும் தாள் எந்த அலுவலகத்திலும் செல்லாது. ஆய்வு செய்ய வேண்டியது குழாய்க்குச் சொந்தமான நிறுவனமும் மாசு கட்டுப்பாட்டு வாரியமும்தான். அதற்கு நீங்கள் ஒரு பைசா தர வேண்டியதில்லை. இந்தப் புரோக்கர்கள் முதலில் கேட்பது பணம், அப்புறம் வெற்று முத்திரைத்தாளில் கையெழுத்து. பவர் எழுதிக் கொடுத்துவிட்டு, தன் நிலத்துக்கு வந்த காசைப் பார்க்காமலே போனவர்கள் டெல்டாவில் உண்டு.

வாசனை இல்லை என்று நிம்மதி அடையவும் வேண்டாம். இயற்கை எரிவாயுவுக்கு மணமே கிடையாது. வீட்டு சிலிண்டரில் மூக்கைத் துளைக்கும் நெடி, கசிவு தெரிய வேண்டும் என்று பிறகு சேர்ப்பது. எரிவாயுக் கிணற்றிலிருந்து நேராக வரும் லைனில் பொதுவாக அதைச் சேர்ப்பதில்லை.

ஆனால் குமிழி என்றாலே கசிவும் இல்லை. தண்ணீர் கட்டிய நெல் வயலில், சேற்றுக்குள் வைக்கோலும் தாளும் மட்கும்போது மீத்தேன் தானாகவே உண்டாகும். குழாயில் ஓடுவதும் பெரும்பாலும் அதே மீத்தேன்தான், குழப்பமே அங்கேதான். சேற்றில் கால் வைத்தால் பொளபொளவென்று வந்து, காலை எடுத்தால் அடங்கினால் அது வயலின் வாயு. வயல் முழுக்க அங்கொன்று இங்கொன்றாக வரும், வெயில் ஏறினால் கூடும், தண்ணீரை வடித்தால் சில நாளில் குறையும். குழாய்க் கசிவு அப்படி இல்லை. யாரும் மிதிக்காமலே, இரவும் பகலும், ஒரே இடத்தில் சரம் சரமாக வரும். அங்கே ஒரு வட்டத்துக்குப் பயிர் பழுத்துக் கருகும், ஏனென்றால் வேருக்குப் போக வேண்டிய காற்றை வாயு தள்ளிவிடுகிறது. தரை காய்ந்திருந்தால் 'உஸ்' என்று சத்தம் கேட்கும், புழுதி பறக்கும். மழையில் மேல்மண் அடைத்துக்கொண்டால் வாயு பக்கவாட்டில் ஊர்ந்து சற்றுத் தள்ளியும் வெளியேறலாம். அதனால் குழாய்க்கு நேர் மேலே இல்லையே என்று தள்ளிவிடாதீர்கள். இதையெல்லாம் வரப்பில் நின்று, தள்ளியிருந்தே பாருங்கள். சந்தேகம் தீராவிட்டால் கசிவு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் வழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் கலந்தாலே பற்றும். மீத்தேன் மேலே போய்விடும் என்பார்கள். உண்மைதான், ஆனால் பெட்ரோல் போன்ற திரவம் கலந்து வரும் ஈர வாயு தாழவே தங்கும். 2014 ஜூனில் ஆந்திராவின் கோதாவரி டெல்டாவில் 'நகரம்' என்ற பெயருள்ள கிராமத்தில் குழாயிலிருந்து கசிந்த வாயு விடியற்காலையில் தீப்பிடித்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். பைக், மோட்டார் ஸ்விட்ச், பீடி, செல்போன் எதையும் அந்தப் பக்கம் கொண்டு போகாதீர்கள். காற்று வரும் திசையை நோக்கி விலகுங்கள். வால்வைத் திருகி அடைக்கப் போகாதீர்கள்.

குழாய்ப் பாதையில் நட்டிருக்கும் அடையாளக் கல்லில் அவசர எண் இருக்கும். பெயின்ட் உதிர்ந்து பாதி எண் தெரியாத கற்களை நானே பார்த்திருக்கிறேன். ஆபத்துக்கென்று நட்ட கல்லுக்கு வருஷம் ஒரு தடவை வண்ணம் அடிக்கக்கூட ஆளில்லை! எண் கிடைக்காவிட்டால் தீயணைப்புக்கு 101, மாவட்டப் பேரிடர் அறைக்கு 1077. அப்புறம் கட்டாயம் எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னால் நிறுவனம் தாசில்தாரைக் கைகாட்டும், தாசில்தார் நிறுவனத்தைக் கைகாட்டுவார். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு போட்டு ரசீது வாங்குங்கள். சர்வே எண், தேதி, எந்த நேரத்தில் பார்த்தீர்கள் என்பதெல்லாம் இருக்கட்டும். "இந்த லைனில் கடைசியாகக் கசிவுச் சோதனை நடந்த தேதி என்ன?" என்ற ஒரு வரியும் சேருங்கள். வால்வு, குழாய் இணைப்பு, கம்ப்ரஸர் சீல் ஆகியவைதான் வழக்கமாகக் கசியும் இடங்கள். சோப்புத் தண்ணீரும் வாயுவைக் காட்டும் கேமராவும் வைத்து முறையாகச் சுற்றி வந்தால் பெரும்பாலானவை முன்பே அகப்படும். தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30 அன்று குழாயிலிருந்து கசிந்த எண்ணெய், விவசாய வயலில் பரவிய பிறகும், ஊர் கத்தினால்தான் ஆள் வருவார்கள் என்ற நிலை எனக்குக் கோபத்தையே தருகிறது.

நஷ்டஈடு பற்றி: 1962ஆம் ஆண்டின் குழாய்ப் பாதைச் சட்டப்படி நிலம் உங்களுடையதுதான், நிறுவனத்துக்குப் பயன்பாட்டு உரிமை மட்டும். அதற்கு நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம், பயிர்ச் சேதத்துக்குத் தனியாகத் தொகை. தொகை போதாது என்றால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம். குழாய் போகும் அந்த நிலப்பட்டையில் நெல் போடத் தடையில்லை. கிணறு தோண்டவோ, மரம் வைக்கவோ, கட்டடம் கட்டவோ கூடாது. குறுவைக்கு முன் வாய்க்கால் தூர்வார ஜேசிபி வந்தால், லைன் எங்கே போகிறது என்று டிரைவருக்கு நீங்களே கூட நடந்து காட்டுங்கள், நிறுவனத்துக்கும் முன்கூட்டியே தகவல் கொடுங்கள்.