ஞாயித்துக்கிழமை பனையேறலாமா?

அண்ணாச்சிக்கு ஸ்தோத்திரம். எனக்கு திசையன்விளை பக்கம். எங்க தாத்தா பனையேறி. சீசன்ல ஞாயித்துக்கிழமையும் இருட்டோட ஏறி பாளை சீவிட்டுத்தான் கோயிலுக்கு வருவாராம். அதுக்காக ஊர்ல சில பேரு அவரை, வேலை செய்யக்கூடாதுன்னு உள்ள ஓய்வுநாள் கட்டளையை மீறுனவன்னு பேசியிருக்காங்க, பாட்டி இன்னும் அதைச் சொல்லி வருத்தப்படுதா. இப்ப நான் ஒரு பைபிள் கோர்ஸ் படிக்கேன். கட்டளையை வச்சு முடிவெடுக்கது, விளைவை வச்சு முடிவெடுக்கது, ஆளோட குணத்தைப் பாக்கதுன்னு அதுல மூணு வழி சொல்லுதாங்க. எது கிறிஸ்தவ வழி? தாத்தா செஞ்சது பாவமா?

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்விக்கு முதல்ல சொல்லிருதேன். பாவம் இல்ல. பாட்டிகிட்ட இன்னைக்கே சொல்லிருங்க.

எந்த வழியில யோசிச்சாலும் அதுக்கு முன்னாடி, நடக்கது என்னன்னு தெரியணும். பாளையை, அதாவது பனையோட பூக்குலையை, தினமும் சீவணும், நுனியில மெல்லிசா சீவுனாத்தான் பதனி சொட்டும், விட்டா சீவுன வாய் காஞ்சு ஊறுறது குறைஞ்சிரும், சுண்ணாம்பு தடவி கட்டுன கலயத்தையும் நேரத்துக்கு இறக்கியாகணும், இதுல ஞாயிறு திங்கள்னு பாக்க முடியாது. தாத்தாவைப் பேசுனவங்க இதையெல்லாம் அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருப்பாங்களா?

கட்டளை வழின்னா கண்ணை மூடிட்டு தீர்ப்பு சொல்லுததுன்னு நினைச்சிராதீங்க. 13ஆம் நூற்றாண்டுலயே தாமஸ் அக்குவினாஸ்ங்க இறையியல் அறிஞர் ஓய்வுநாள் கட்டளையை ரெண்டா பிரிச்சுப் பாத்தாரு. கடவுளுக்குன்னு நேரம் ஒதுக்கணுங்கது எல்லாருக்கும் உள்ள ஒழுக்கம், அது இன்ன நாள்தாங்கது சடங்கு. கண்ணு முன்னால வரப்போற சேதத்தைத் தடுக்க செய்யுத வேலை அந்த நாளைக் கெடுக்காதுன்னும் எழுதியிருக்காரு. லூக்கா 14ல, ஓய்வுநாள்ல துரவுல, அதாவது கிணத்துல, விழுந்த மாட்டை உடனே தூக்கி விடமாட்டீங்களான்னு இயேசு கேட்கதும் இதானே.

இன்னொரு பக்கம், விளைவை வச்சுப் பாக்க வழியில, ஜோசப் ஃப்ளெட்சர். அமெரிக்காவுல எபிஸ்கோப்பல் சபை குருவா இருந்தவரு, அன்பு ஒண்ணுதான் மாறாதது, மத்ததெல்லாம் சூழ்நிலையைப் பொறுத்துன்னு 1966ல எழுதி பெரிய வாக்குவாதமே ஆச்சு. அவர்கிட்ட கேட்டா தாத்தாவை உடனே விட்டிருவாரு. ஆனா எனக்கு அந்த வழியை மட்டும் நம்ப பயமா இருக்கு தம்பி. பனையேறிக்கு அட்வான்ஸ் குடுத்த கருப்பட்டி வியாபாரியும், உன் பிள்ளைகுட்டி நல்லா இருக்கட்டும்னுதான் ஞாயித்துக்கிழமையும் ஏறச் சொல்லுதேன்னு சொல்லலாம்லா. அன்புன்னு யாரு வேணாலும் சொல்லிக்கலாம், கடன் குடுத்தவன் சொன்னா வாங்குனவன் வாயத் தொறக்க முடியுமா? அங்க அவனுக்குப் பிடிமானம் கட்டளைதான்.

பைபிள்ல யாத்திராகமம் 20ஐயும் உபாகமம் 5ஐயும் பக்கத்துல பக்கத்துல வச்சு வாசிங்க. ரெண்டுலயும் அதே பத்துக் கட்டளைதான். யாத்திராகமத்துல, ஓய்வுநாளுக்கு ஆண்டவர் ஏழாம் நாள் ஓய்ஞ்சிருந்தாருன்னு காரணம் வருது. உபாகமத்துல, நீ எகிப்துல அடிமையா இருந்ததை நினைச்சுக்கோ, உன்னைப்போல உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாறணும்னு வருது. அப்படின்னா அந்தக் கட்டளை முதல்ல யாரைக் கேள்வி கேக்குது? வேலை வாங்குதவனை. ஊர்ல உள்ளவங்க பனையேறியை நிறுத்தி வச்சு கேட்டாங்க. மரத்துக்குப் பங்கும் குத்தகையும் வாங்குனவங்க, கடனுக்குக் கருப்பட்டியை எடுத்துட்டுப் போனவங்க, அவங்களை யாரும் கேக்கல. எனக்கு இதுலதான் கோவம் வருது.

குணத்தைப் பாக்க வழிக்கு நான் ரொம்ப சொல்ல வேண்டாம். ஏறி இறங்கி, நெஞ்சுல மரம் உரசுன காந்தலோட வந்து ஆராதனையில உக்காந்தவரு. அந்த ஆளு எப்படிப்பட்டவருன்னு உங்களுக்கே தெரியும்.

மூணுல ஒண்ணைத்தான் எடுக்கணும்னா நான் கட்டளையிலதான் ஆரம்பிப்பேன், ஆனா அதை உபாகமம் சொல்லுத மாதிரி வேலை வாங்குதவன் பக்கம் திருப்பி வச்சு. மத்த ரெண்டும் அதுக்குப் பின்னாடி வரட்டும், விட்டிரவும் கூடாது. அடுத்த வகுப்புல இதை அப்படியே கேளுங்க. கூடவே இன்னொண்ணும் கேளுங்க: ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு நாம வீட்டுக்கு வந்து கறிச்சோறு சாப்பிடுதோம்லா, அடுப்படியில நிக்கிற நம்ம அம்மாவுக்கும் அக்காவுக்கும் ஓய்வுநாள் எப்ப?