கேளுங்க சொல்றோம்: மசூதி மாதிரி ஒரு சர்ச்

கேள்வி: சார், ஈரான்ல இஸ்பஹான்ங்கற ஊர்ல வாங்க்னு ஒரு சர்ச்சை யூடியூப்ல பார்த்தேன். வெளிய அசல் மசூதியேதான். மசூதியைத்தான் சர்ச்சா மாத்திட்டாங்களா?
- வாசகி, ஏற்காடு

பதில்: இல்லம்மா, கட்டும்போதே சர்ச்தான். உங்க ஏற்காட்டுல வெள்ளைக்காரங்க அவங்க ஊர் சாயல்ல சர்ச் கட்டினாங்க, ஆனா இஸ்பஹானுக்கு வந்த ஆர்மீனியக் கிறிஸ்தவர்கள் அந்த ஊர் பாணியிலயே செங்கல்லயும் குவிமாடத்துலயும் கட்டிட்டாங்க, உச்சியில சின்னதா சிலுவை இருக்கும், உத்துப் பாருங்க. 1655ல ஆரம்பிச்சு 1664ல முடிஞ்ச கட்டடம். உள்ள போனா கதையே வேற, சுவர் பூரா ஐரோப்பிய சாயல்ல பைபிள் ஓவியம், கீழ பூ போட்ட ஓடு, குவிமாடத்துக்குள்ள நீலமும் தங்கமுமா பாரசீக வேலைப்பாடு. கடைசித் தீர்ப்புக் காட்சியில நரகத்தை வரைஞ்சிருக்கான் பாருங்க, சின்னப் புள்ளைங்க பார்த்தா ராத்திரி தூங்காதுங்க. பக்கத்து மியூசியத்துல ஒரு தலைமுடி மேல பைபிள் வரி எழுதி வச்சிருக்காங்க, மைக்ராஸ்கோப்லதான் படிக்கணும்.

அந்த ஏரியா பேரு புது ஜுல்ஃபா. ஆர்மீனியர்களுக்கு அங்க இடம் குடுத்த ஈரான் ராஜா ஷா அப்பாஸ் எவ்ளோ பெரிய மனசுக்காரர் பாருன்னு சிலர் உருகுவாங்க, எனக்கு அது பாதிதான் ஒத்துக்க முடியுது. 1604-05ல எதிரியான ஆட்டோமான் துருக்கிப் படைக்கு ஒண்ணும் கிடைக்கக் கூடாதுன்னு அராஸ் ஆத்தங்கரையில அவங்க சொந்த ஊரான பழைய ஜுல்ஃபாவைக் காலி பண்ணி அழிச்சவரே அவர்தான், வர்ற வழியில செத்தவங்க எத்தனையோ பேர். ஆனா பட்டு வியாபாரம் அவங்க கையில இருந்துச்சு, அது ராஜாவுக்கு வேணும், அதனால இஸ்பஹான்ல ஜாயந்தே ஆத்துக்குத் தென்பக்கம் இடம் குடுத்து சர்ச்சும் கட்டிக்கோங்கன்னுட்டார். 1638லயே அங்க அச்சுல பைபிளோட சங்கீத புஸ்தகம் போட்டுட்டாங்க! இன்னைக்கும் பத்துக்கு மேல சர்ச் இருக்கு.

கேள்வி: நம்ம பக்கம் ஆர்மீனியர்கள் வந்ததுண்டா?
- வாசகர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: வராம என்ன, சென்னை பாரிமுனையில ஆர்மீனியன் ஸ்ட்ரீட்னு இருக்கே, அங்க 1772ல கட்டின அவங்க சர்ச் இன்னும் நிக்குது. சைதாப்பேட்டையில அடையாறு மேல 1726ல பாலம் கட்டிக் குடுத்த கோஜா பெட்ரஸ் உஸ்கான் புது ஜுல்ஃபாக்காரர்தான், பரங்கிமலைக்குப் படி போட்டதும் அவரே. பாலத்தை இடிச்சு புதுசு கட்டிட்டாங்க, கல்வெட்டு மட்டும் ரோட்டோரம் இருக்கு. 1751ல சென்னையிலயே இறந்தார், அவர் ஆசைப்படி இதயத்தை மட்டும் ஜுல்ஃபாவுக்கு அனுப்பிட்டாங்க.