வாசகர் கேள்வி – பதில்: கூண்டுக்குள் ஒரு தொழில் வாழ்க்கை

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. சிறுவயது முதல் கராத்தே பழகியவன்; இப்போது உயர்தரம் படிக்கிறான். ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பா அனுப்பும் காணொளிகளைப் பார்த்துவிட்டு, பரீட்சை வேண்டாம், எம்.எம்.ஏ. என்ற கலப்புச் சண்டைக்கலை வீரனாகப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். இதை ஒரு தொழில் என்று நம்பலாமா?
– ஒரு தாய், மானிப்பாய்

பதில்: தொழில்தான், அம்மா. ஆனால் மாதம் முடிந்ததும் சம்பளம் வரும் தொழில் அன்று என்பதை உங்கள் மகன் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். கூண்டுக்குள் எம்.எம்.ஏ. சண்டைகளை நடத்தும் அமெரிக்காவின் யூ.எவ்.சி. நிறுவனத்துக்காகச் சண்டையிடுபவர்கள் அதன் ஊழியர்கள் அல்லர். ஒவ்வொரு சண்டைக்கும் பேசிய தொகையைப் பெறும் ஒப்பந்தக்காரர்கள். புதிதாகச் சேர்பவருக்குப் பல ஆண்டுகளாக வழங்கப்பட்டு வந்த தொகை, களம் இறங்குவதற்கு 10,000 டொலர், வென்றால் மேலும் 10,000 டொலர் என்ற அளவிலேயே இருந்தது. ஆண்டுக்கு இரண்டு, மூன்று சண்டைகள் கிடைப்பதே பெரிது. கிடைக்கும் பணத்தில் பயிற்றுநருக்கும் முகவருக்கும் பங்கு கொடுத்து, வரி கட்டி, பயிற்சிக்கூடக் கட்டணத்தையும் சாப்பாட்டுச் செலவையும் கழித்த பின்னர் மிஞ்சுவதே வருமானம். காயம்பட்டு ஓராண்டு படுத்தால் அந்த ஆண்டுக்கு வருமானமே இல்லை. நிறுவனம் சந்தையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு ஊதியத்தை அமுக்குகிறது என்று வீரர்கள் 2014இல் தொடுத்த வழக்கு, 375 மில்லியன் டொலர் இழப்பீட்டுக்கு நிறுவனம் இணங்கியதை 2025இல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதோடுதான் தீர்ந்தது.

உங்கள் மகனைப் போலக் கராத்தேயில் தொடங்கி உச்சத்தைத் தொட்டவர் கனடாவின் ஜோர்ஜ் சென் பியர். சித்தப்பா அனுப்பும் காணொளிகளில் அவர் கட்டாயம் இருப்பார். ஆனால் அவர் வளர்ந்துவந்த காலத்தில் குப்பை வண்டியில் வேலை செய்ததையும், இரவு விடுதி வாசலில் காவல் நின்றதையும் அந்தக் காணொளிகள் காட்டியிருக்குமா என்பது ஐயமே. 2004 ஒக்டோபரில் முதன்முறையாக யூ.எவ்.சி. பட்டத்துக்கு மோதியபோது, மற் ஹியூஸ் என்ற மல்யுத்த வீரர் அவருடைய கையைத் தன் இரு கால்களுக்கும் இடையில் பூட்டி, முழங்கை மூட்டை எதிர்ப்புறமாக வளைத்தார். முதற் சுற்று முடிய ஒரே ஒரு வினாடி இருந்தது. அந்த ஒரு வினாடியைத் தாங்க முடியாமல் சென் பியர் தட்டித் தோல்வியை ஏற்றுக்கொண்டார். 2006இல் அதே ஹியூஸை வென்று பட்டம் பெற்றார். 2007இல் எவரும் எதிர்பாராத விதமாக மற் செராவிடம் முதற் சுற்றிலேயே இழந்தார். 2008இல் மீட்டு, 2013 வரை ஒன்பது முறை காத்தார். கராத்தே மட்டும் அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. மொன்றியலில் கனடாவின் தேசிய மல்யுத்த வீரர்களோடு ஆண்டுக்கணக்காக உருண்டு புரண்டு, பிறவியிலேயே மல்லர்களாக வளர்ந்தவர்களைக்கூடத் தூக்கி விழுத்தும் நிலைக்கு வந்ததுதான் அவரை வேறுபடுத்தியது என்பது என் துணிபு.

ஆகவே மகனிடம் "வேண்டாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அது அவனைப் பிடிவாதக்காரனாக்கும். உயர்தரப் பரீட்சையை எழுதட்டும். கராத்தேயோடு யூடோவையோ மல்யுத்தத்தையோ இன்றே தொடங்கட்டும். 2012இல் உருவான ஐ.எம்.எம்.ஏ.எவ். என்ற சர்வதேச அமைப்பின் விதிகளின்படி நடக்கும் தொழில்சாராப் போட்டிகளில் மூன்று நிமிடச் சுற்றுகளே உண்டு. காலுக்குக் காப்பு அணிய வேண்டும். முழங்கையால் அடிக்கத் தடை. அத்தகைய போட்டிகளில் சில ஆண்டுகள் மோதிப் பார்த்த பிறகு பணத்துக்காகச் சண்டையிடுவதைப் பற்றி முடிவு செய்யலாம். நம் பிராந்தியத்தவருக்குக் கதவு அடைத்துக் கிடக்கவில்லை. ஆசிய வீரர்களுக்கென யூ.எவ்.சி. நடத்திய தகுதித் தொடரை வென்று, 2023 பெப்ரவரியில் இந்தியாவின் அன்ஷுல் ஜுப்ளி ஒப்பந்தம் பெற்றார். அதே ஆண்டு ஒக்டோபரில், முன்னணியில் நின்ற சண்டையில் மூன்றாம் சுற்றில் அடிபட்டு வீழ்ந்தார். இந்த இரண்டையும் சேர்த்தே மகனுக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் சிலம்படியும் சீனடியும் பழகியவன். நம் ஊர்ச் சண்டைக் கலைகளான இவை கூண்டுச் சண்டைக்குப் பயன்படுமா?
– ஒரு வாசகர், வல்வெட்டித்துறை

பதில்: காலடி வைப்பும், எதிரியின் தோளைப் பார்த்தே அடி வரும் திசையை உணரும் கண்ணும் பயன்படும். கம்பின் நீளத்துக்குப் பழகிய இடைவெளியைக் கைக்கெட்டும் தூரத்துக்குக் குறைக்க நீங்கள் மீண்டும் பழக வேண்டியிருக்கும். நிலத்தில் விழுத்தப்பட்ட பின்னர் என்ன செய்வது என்பதற்குச் சிலம்படியில் விடை தேடாதீர்கள். அதற்கு மல்யுத்தமும், நிலத்தில் கிடந்து எதிரியைப் பூட்டும் யூயிற்சுவும் வேண்டும். 2024 யூன் மாதத்தில் யூ.எவ்.சி.யில் வெற்றிபெற்ற முதல் இந்தியப் பெண்ணான பூஜா தோமர் வூசூ என்ற சீனச் சண்டைக் கலையில் இருந்து வந்தவர். இலங்கையிலும் விளையாடப்படும் அந்தக் கலையின் சண்டைப் பிரிவில் குத்து, உதையோடு விழுத்தலும் இருப்பதால் உங்களுக்கு அது நல்ல பாலமாக அமையும்.

கேள்வி: என் நிறை 68 கிலோ. 61 கிலோப் பிரிவில் மோதினால் எளிதாக வெல்லலாம் என்றும், தண்ணீரைக் குறைத்து ஒரு கிழமையில் இறக்கலாம் என்றும் நண்பர்கள் சொல்கிறார்கள். செய்யலாமா?
– ஓர் இளைஞர், சுன்னாகம்

பதில்: செய்யாதீர்கள், தம்பி. இந்தப் பகுதியில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

நண்பர்கள் சொல்லும் முறை புதிதன்று. நிறை பார்ப்பது சண்டைக்கு முதல் நாள் என்பதால், வீரர்கள் கடைசி ஒன்றிரண்டு நாட்களில் தண்ணீரை நிறுத்தி, சுடுநீர்த் தொட்டியில் கிடந்து, வியர்வை உடையோடு ஓடி, உடலில் உள்ள நீரை இறக்குகிறார்கள்; தராசில் ஏறி இறங்கியதும் குடித்துத் தேற்றிக்கொள்கிறார்கள். இறங்குவது கொழுப்பு அன்று, நீர்; இரத்தத்தில் உள்ள நீரும்கூட. இரத்தம் குறுக, இதயம் வேகமாக அடிக்கும், சிறுநீரகம் திணறும், வியர்வை வற்ற, உடற்சூடு ஏறும். வைகாசி வெயிலில் நம் ஊரில் போர்வையைச் சுற்றிக்கொண்டு ஓடினால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு நாளில் குடிக்கும் தண்ணீர் எல்லாவற்றையும் முழுமையாக மீட்பதும் இல்லை. அந்த நிலையில் தலையில் அடி வாங்குவது கூடுதல் ஆபத்து என்று வைத்தியர்கள் எச்சரிக்கிறார்கள்.

2015 டிசம்பரில் மணிலாவில் நடக்கவிருந்த, வண் சம்பியன்ஷிப் என்ற எம்.எம்.ஏ. நிறுவனத்தின் போட்டிக்காக நிறை குறைத்த சீன வீரர் யாங் ஜியான் பிங், சண்டைக்கு முன்பே இறந்தார். அவருக்கு வயது 21. அதன் பிறகு அந்த நிறுவனம் நீரிறக்கி நிறை குறைப்பதைத் தடைசெய்து, சிறுநீரின் அடர்த்தியைச் சோதித்து, உடலில் போதிய நீர் இருந்தால் மட்டுமே களத்தில் இறங்க விடும் முறையைக் கொண்டுவந்தது. உங்கள் 68 கிலோவில் கொழுப்பு இருந்தால், சோற்றின் அளவையும் இனிப்பையும் குறைத்து, மாதங்கள் எடுத்து 65.8க்கு வாருங்கள்; அந்த நிறைக்கு ஒரு பிரிவு இருக்கிறது. கொழுப்பு இல்லையென்றால் 70.3 கிலோப் பிரிவில் மோதுங்கள். அங்கே வெல்ல முடியாவிட்டால், குறை பயிற்சியில் இருக்கிறது.

கேள்வி: யூ.எவ்.சி. சம்பியன் கபீப் நூர்மகமெதோவ் ஒரு தோல்வியும் இல்லாமல் 32 வயதில் நிறுத்திவிட்டார். வேறு சிலரோ தோற்றுத் தோற்றும் விடுவதில்லை. நிறுத்தும் காலத்தை எப்படி அறிவது?
– ஒரு வாசகி, கொக்குவில்

பதில்: கபீப்பின் பயிற்றுநர் அவருடைய தந்தையே. அவர் 2020 யூலையில் காலமானார். அவ்வாண்டு ஒக்டோபர் 24இல் அபுதாபியில் ஜஸ்ரின் கேத்ஜியை இரண்டாம் சுற்றில் கழுத்தைப் பூட்டி வென்ற கபீப், தந்தை இல்லாமல் இனிச் சண்டையிடுவதில்லை எனத் தாய்க்கு வாக்குக் கொடுத்ததாகச் சொல்லி, 29 வெற்றிகளோடு கூண்டுக்குள்ளேயே விலகினார். வயது, உடல், பணம் எல்லாம் இடம் கொடுத்தும் ஒருவர் வெளியேறினார் என்றால், அவருக்குத் தன் வீட்டில் சொல்லக் கேட்கும் ஒரு சொல் இருந்தது.

மறுபக்கத்தில் இங்கிலாந்தின் மைக்கேல் பிஸ்பிங் நிற்கிறார். 2013இல் பட்ட அடியால் ஒரு கண்ணின் விழித்திரை பிரிந்தது. அந்தக் கண்ணின் பார்வை குன்றியதை மறைத்துக்கொண்டு மருத்துவச் சோதனைகளைத் தாண்டியதை அவரே பின்னர் சொன்னார். அந்த நிலையில் 2016இல் குறுகிய கால அறிவித்தலில் உலகப் பட்டத்தை வென்றார். அவருடைய மனவுறுதியை நான் மதிக்கிறேன். ஆனால் 2017 நவம்பரில் சென் பியரிடம் பட்டத்தை இழந்து மூன்று கிழமைக்குள் மீண்டும் களமிறங்கி, அடிபட்டு வீழ்ந்ததை ஒருபோதும் ஏற்க முடியவில்லை. மூளை தேறுவதற்கு அது போதிய காலமே அன்று. 2018இல் அவர் ஓய்வு பெற்றார்.

தலையில் விழும் அடிகளில் பெரும்பகுதி, சனம் பார்க்காத பயிற்சிக்கூடத்தில்தான் விழுகிறது. அதனால் தோல்விகளை எண்ணிக் காலத்தை அளக்க வேண்டாம். முன்பு தாங்கிய சிறு குத்துக்கே கால் தடுமாறுவது, நாட்கணக்கில் விடாத தலையிடி, நித்திரைக் குழப்பம், பேச்சு இழுபடுவது, காரணமில்லாத எரிச்சல் ஆகியவற்றை வீரனைவிட முதலில் காண்பவர்கள் வீட்டுக்காரர்களே. இவற்றில் ஒன்றைக் கண்டாலும், அடுத்த சண்டைக்குத் திகதி குறித்திருந்தாலும், தலையில் அடிபடும் பயிற்சியை அன்றே நிறுத்தி நரம்பியல் வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள்.