கூப்பிட்டவர் சொல்லட்டும்

வணக்கம் சார்,

கற்றுக்கொள்வதற்காக ஒரு குட்டி மொழியும் அதன் கட்டளைகளை ஓட்ட ஒரு விர்ச்சுவல் மெஷினும் எழுதுகிறேன். ஃபங்ஷன் முடியும்போது ரிட்டர்ன் மதிப்பை ஸ்டாக்கின் (மதிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் அடுக்கு) உச்சியில் வைத்துவிட்டுத் திரும்புகிறது. எல்லாம் ஓடுகிறது. ஆனால் லூப்புக்குள் ஒரு ஃபங்ஷனை வெறுமனே கூப்பிட்டால் கொஞ்ச நேரத்தில் ஸ்டாக் நிரம்பிவிடுகிறது. மதிப்பு தருவதற்கு ஒன்று, தராததற்கு ஒன்று என இரண்டு கால் (call, ஃபங்ஷனைக் கூப்பிடும்) கட்டளைகள் வைக்கவா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வேண்டாம். உங்கள் ஸ்டாக்கில் சேர்வது யாரும் எடுத்துக்கொள்ளாத மதிப்புகள், சுற்றுக்கு ஒன்று. பைத்தான் மொழியை ஓட்டும் சிபைத்தானில் ரிட்டர்ன் எழுதாத ஃபங்ஷன்கூட 'நன்' என்ற மதிப்பைக் கொடுத்தே தீரும். எப்போதும் ஒன்றே ஒன்று. தேவையில்லாத இடத்தில் கம்பைலரே, உச்சியில் இருப்பதை எடுத்து எறியும் ஒரு பாப் கட்டளையைப் போட்டுவிடும். உங்களுக்கும் இதுவே போதும்.

பல மதிப்புகளைத் திருப்பும் ஆசை இருந்தால் மட்டும் லுவா மொழியைப் பாருங்கள். 2003-இல் வந்த 5.0 பதிப்பு முதல் அதன் மெஷின் ரெஜிஸ்டர் வகை, அதாவது மதிப்புகளை எண்ணிட்ட இடங்களில் வைப்பது. கால் கட்டளையில் மூன்று எண்கள். '3, 3, 2' என்றால்: ஃபங்ஷன் 3-ஆம் ரெஜிஸ்டரில், அடுத்த இரண்டில் ஆர்க்யுமென்ட்கள், எனக்கு ஒரு விடை வேண்டும். பின்னிரண்டு எண்களிலும் ஒன்று கூட்டி எழுதுவார்கள், ஏனென்றால் 0 'வருவதெல்லாம் வரட்டும்' என்பதற்கு ஒதுக்கப்பட்டது. விடை ஃபங்ஷன் இருந்த அதே 3-ஆம் ரெஜிஸ்டரில் வந்து உட்காரும். கூடுதலாக வந்தவை கழியும், குறைந்தால் 'நில்' என்ற வெற்று மதிப்பு நிரப்பப்படும். எத்தனை வேண்டும் என்று கூப்பிட்டவர்தான் சொல்கிறார். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான்.

அந்த 0-வில் நானும் ஒருமுறை மாட்டியிருக்கிறேன். லுவாவில் சரத்தின் (string) பகுதிகளை மாற்றும் ஜிசப் என்ற ஃபங்ஷன், மாற்றிய சரத்தோடு எத்தனை இடத்தில் மாற்றியது என்ற எண்ணையும் தரும். அந்த அழைப்பை அப்படியே, பட்டியலில் ஒன்றைச் சேர்க்கும் டேபிள் இன்செர்ட்டுக்குள் எழுதினேன். இரண்டும் உள்ளே போக, சரத்தை அது இடத்தின் எண் என்று எடுத்துக்கொண்டு பிழை காட்டியது. அழைப்பைச் சுற்றி இன்னொரு அடைப்புக்குறி போட்டால் ஒன்றுதான் வரும். சரி, அது தெரிவதற்குள் ஒரு மாலைப்பொழுது போய்விட்டது.

இப்போதைக்கு பாப் போடுங்கள். அப்புறம், ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் ஸ்டாக்கின் உயரம் அது தொடங்கும்போது இருந்த அளவேதானா என்று பார்க்க ஒரு அசர்ட்டும் (பொய்யானால் ஓட்டத்தை நிறுத்தும் சோதனை) வையுங்கள். லோக்கல் மாறி அறிவிக்கும் வாக்கியங்களை மட்டும் அதிலிருந்து விட்டுவிடுங்கள், அவை ஸ்டாக்கிலேயே இடம் பிடிப்பவையாக இருந்தால்.