இம்யூனாலஜியில் திணறும் மருத்துவ மாணவருக்கும் அவர் அம்மாவுக்கும்

தம்பி, உங்கள் கடிதத்தோடு அம்மா எழுதிய நான்கு வரியும் வந்து சேர்ந்தது. "இரண்டாம் வருஷத்திலேயே இப்படித் திணறுகிறானே, பேசாமல் வேறு படிப்புக்கு மாற்றிவிடலாமா?" என்று கேட்டிருக்கிறார். வேண்டாம் அம்மா. இம்யூனாலஜி என்ற நோயெதிர்ப்பியல் பாடத்தில், பரம்பரை நோயெதிர்ப்புக் குறைபாடுகள் என்ற ஒரே பகுதியில் மதிப்பெண் சரிந்ததை வைத்து ஐந்தாண்டு எம்பிபிஎஸ் படிப்பை எடைபோடக் கூடாது. உங்கள் மகனுக்குப் படிப்பு வரவில்லை என்று எனக்குத் தோன்றவில்லை. படிக்கும் திசைதான் மாற வேண்டும்.

தம்பி, நீங்கள் அனுப்பிய நோட்ஸைப் பார்த்தேன். நோயின் பெயர், ஜீன், பரம்பரை முறை, அறிகுறி என்று பக்கம் பக்கமாக அட்டவணை. உழைப்பு தெரிகிறது. ஆனால் கேள்வித்தாளில் பெயரைக் கொடுத்து அறிகுறியைக் கேட்பதில்லையே. ஒன்பது மாதக் குழந்தை, மூன்றாவது முறையாகக் காதில் சீழ் என்றுதான் கேள்வி தொடங்குகிறது. வார்டிலும் அப்படித்தான். இன்று அறியப்பட்ட குறைபாடுகள் 450க்கு மேல். பெயரிலிருந்து தொடங்கினால் கரை சேர முடியாது. குழந்தையிலிருந்து தொடங்குங்கள்: என்ன வயது, என்ன கிருமி, உடம்பில் எந்த இடம்?

வயதுதான் முதல் துப்பு. தாயிடமிருந்து வந்த ஐஜிஜி ஆன்டிபாடி (கிருமியைப் பிடிக்கும் புரதம்) முதல் ஆறு மாதம்வரை குழந்தையைக் காக்கும். அது தீரும் சமயத்தில் ஓர் ஆண் குழந்தைக்குக் காதிலும் நுரையீரலிலும் நியூமோகாக்கஸ் என்ற பாக்டீரியா திரும்பத் திரும்ப வந்தால், வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பாருங்கள். டான்சில் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தால் ஆன்டிபாடியை உருவாக்கும் பி செல்லே இல்லையோ என்று யோசிக்க வேண்டும். அமெரிக்க மருத்துவர் புரூட்டன் 1952இல் விவரித்த நோய் இது. பிடிகே ஜீன் பழுதானதால் பி செல் முதிராமல் நின்றுவிடுகிறது.

நோயெதிர்ப்பை வழிநடத்தும் டி செல் இல்லாத குழந்தைக்கு நோய் வர ஆறு மாதம் ஆகாது. முதல் சில மாதங்களிலேயே வாயில் வெண்புண், நிற்காத வயிற்றுப்போக்கு, எடை ஏறாமை, நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சையால் நிமோனியா. அதுதான் ஸ்கிட், கடுமையான கூட்டு நோயெதிர்ப்புக் குறைபாடு. சிங்கப்பூரில் பிசிஜி பிறந்தவுடன் போடும் காசநோய்த் தடுப்பூசி, அதில் இருப்பது உயிருள்ள கிருமி. டி செல் இல்லாத குழந்தையின் உடல் முழுக்க அது பரவிவிடும். இப்படிப்பட்ட குழந்தையைச் சீக்கிரமே கண்டுபிடிக்கத்தான் பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுக்கும் ரத்தத்துளியில் டிரெக் பார்க்கிறார்கள். நெஞ்சிலுள்ள தைமஸ் சுரப்பியில் டி செல் உருவாகும்போது மிஞ்சும் டிஎன்ஏ துண்டு அது. டிரெக் இல்லையென்றால் டி செல் உற்பத்தியே இல்லை என்ற சந்தேகம் எழ வேண்டும்.

கிருமியும் அதேபோல் பேசும். கேட்டலேஸ் என்ற நொதி உள்ள ஸ்டாஃப் ஆரியஸ், செராஷியா, புர்க்ஹோல்டேரியா, கூடவே ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை என்று வந்தால் சிஜிடி என்ற பரம்பரை நோய். நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு கிருமியை விழுங்கிவிடும், ஆனால் கொல்ல முடியாது. நம் பகுதி மண்ணிலும் நீரிலும் இருக்கும் மெலியாய்டோசிஸ் கிருமி அந்தப் புர்க்ஹோல்டேரியா குடும்பம்தான். சிறு பிள்ளைக்கு அது வந்தால் சிஜிடியை ஒரு முறை நினைத்துப் பார்ப்பது நல்லது. நியூட்ரோஃபிலின் கொல்லும் திறனை ஒளியால் காட்டும் டிஎச்ஆர் சோதனையின் படத்தை ஒரு தடவையாவது நிதானமாகப் பாருங்கள். நோயுள்ள பையனின் நியூட்ரோஃபில் ஒளிராது. எக்ஸ் குரோமசோம் வழி வந்த நோயென்றால், பெரும்பாலும் தாயின் படத்தில் இரண்டு மேடுகள் தெரியும், ஒன்று ஒளிர்வது, ஒன்று ஒளிராதது. அந்த ஒரே படத்தில் மரபியலும் இம்யூனாலஜியும் சேர்ந்து நிற்கின்றன. எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த இடம் அதுதான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொப்புள்கொடி விழத் தாமதம், புண்ணில் சீழே இல்லை, நியூட்ரோஃபில் எண்ணிக்கை மட்டும் மிக அதிகம்: எல்ஏடி, வெள்ளை அணு ரத்தக்குழாயை விட்டுத் தொற்றுள்ள இடத்துக்குப் போக முடியாத நோய். மூளைக்காய்ச்சல் தரும் நெய்சீரியா மறுபடி மறுபடி: காம்ப்ளிமென்ட் என்ற ரத்தப் புரத வரிசையின் கடைசிக் கட்டம், சி5 முதல் சி9 வரை. எக்சிமா, சின்னப் பிளேட்லெட், ரத்தக்கசிவு: விஸ்காட்-ஆல்ட்ரிச் நோய்.

குடும்ப வரலாறு கேட்பதில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. தேக்காவிலிருந்து (லிட்டில் இந்தியா) வரும் பாட்டியிடம் தமிழிலேயே உட்கார்ந்து பேச உங்களால் முடியும். "குழந்தைக்குத் தாய்மாமன் யாராவது சின்ன வயசிலேயே தவறிட்டாங்களா பாட்டி?" என்று கேட்டால் எக்ஸ் வழி நோய் பிடிபடலாம். "சொந்தத்துல கட்டினதா?" என்றால் ஒடுங்கு மரபு நோய்கள், அதாவது பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான ஜீன் வந்தால் வருபவை. இரண்டையும் குற்றம் சாட்டும் தொனி இல்லாமல் கேட்கப் பழகுங்கள், தாய்மார்கள் ஏற்கெனவே தங்களைத்தான் நொந்துகொண்டிருப்பார்கள்.

சரி, இந்த வாரம் என்ன செய்வது? வெள்ளைத் தாளில் எலும்பு மஜ்ஜையின் ஸ்டெம் செல்லில் தொடங்கி பி செல், டி செல், நியூட்ரோஃபில் வளரும் பாதையைப் புத்தகம் பார்க்காமல் வரையுங்கள். எந்த ஜீன் எந்த இடத்தில் வழியை அடைக்கிறது என்று குறியுங்கள். அப்புறம் ஒரு நண்பரோடு உட்கார்ந்து நோயின் பெயரைச் சொல்லாமல் குழந்தையை மட்டும் விவரித்து ஒருவரையொருவர் கேளுங்கள். மறுநாள் மீண்டும் வரையும்போது தாள் வெறுமையாக நின்றால் பயப்பட வேண்டாம், மறந்த இடம் எது என்று தெரிந்துவிட்டது, அங்கே மட்டும் திரும்பப் படித்தால் போதும். மதிப்பெண் விஷயத்தை உங்கள் வழிகாட்டி ஆசிரியரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், அடுத்த தேர்வுவரை ஒளித்து வைக்காதீர்கள்.

அம்மா, "இந்தத் துறையில் வேலை இருக்கா?" என்றும் கேட்டிருந்தீர்கள். அதை இன்று முடிவு செய்யத் தேவையில்லை. படிப்பு முடிந்து ஹவுஸ்மேனாக, அதாவது பயிற்சி மருத்துவராக, வார்டு வார்டாகச் சுற்றிய பிறகுதான் எது ஒத்துவரும் என்று தெரியும். ஆனால் குழந்தை மருத்துவம், ரத்தவியல், தொற்றுநோய், பரிசோதனைக்கூடம் என்று எதில் போனாலும் இந்தப் பாடம் கூடவே வரும். பாலிகிளினிக்கில் உட்கார்ந்திருக்கும் மருத்துவருக்குக்கூட, அடிக்கடி காய்ச்சல் வரும் பத்துக் குழந்தைகளில் எந்தக் குழந்தையைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று இதுதான் சொல்லும்.